அரைநாள் மல்லிகை

1958 மார்ச் 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வெளியே கட்டிப் போகிற மாதிரி இருப்பது இரண்டே சேலை, அதில் ஒன்று கொடியில் ஈரமாக.

நாளைக்கு:
ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிரித்துவிட வேண்டும் (ஒன்றும் பொருந்தவில்லை)
புட்டி, வெந்நீரில்
டின்பால்
தேனுவுக்கு மாற்றுத் துணி, பக்கத்து மக்சிக் வீட்டுக்கு
குடை

தேனுவுக்கு ஐந்து மாதம். நாளை முதல் எனக்கு மறுபடி லோயர் ஆபீஸ், காலை மட்டும். மெர்டேக்கா (சுதந்திரம்) வந்த பிறகு குடியுரிமைப் பத்திரங்கள் குவிந்து கிடக்கின்றன, டைப் அடிக்க ஆளில்லை என்று பெரிய கிராணி (தலைமைக் குமாஸ்தா) முத்தையா வீட்டுக்கே வந்து கேட்டார். என் வீட்டுக்காரர் “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

இஷ்டம்தான். அதுதான் சங்கடம். ஐந்து மாதமாக டைப்ரைட்டர் சத்தத்துக்கு ஏங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 3, திங்கள்

நல்ல வெயில். தேனுவைப் பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் கொடுத்துவிட்டு காஜா பெராங் சாலை முனைவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். முனையில் பார்த்தேன். அவர்கள் உள்ளே போயிருந்தார்கள்.

மக்சிக் (மலாயில் அத்தை) மலாக்காச் செட்டி. நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயா, வாயில் மலாய். பிள்ளை இல்லை. தேனுவை ‘இந்தான்’ என்று கூப்பிடுகிறார். வைரமாம்.

ஆபீசில் அதே மேசை. விரல்கள் எதையும் மறக்கவில்லை. ஒரு பக்கம் முடிந்து கார்பனை உருவியபோது வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. புக்கிட் ரம்பாய் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் தோட்டத் தொழிலாளி பத்திரம் எழுத வந்திருந்தார். முத்தையா கேட்டார்:

“எங்க பொறந்தீங்க?”

“அப்ப நான் ரொம்பச் சின்னப் பிள்ளைங்க ஐயா. கவனிக்கல.”

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கீழே தெருவில் ஒரு குழந்தை அழுதது. என்னுடையது இல்லை, தெரியும். மார்புக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் நனைந்துவிட்டது. மதியம்வரை ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஃபைலக் கீழ வைம்மா, யாரும் தூக்கிட்டு ஓட மாட்டாங்க” என்றார் முத்தையா. பாவம், அவருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு ஓட்டம். தேனு கையை மூடிக்கொண்டு, மூச்சு வாங்க, குடித்தாள். வியர்வையில் அவள் தலை என் கையோடு ஒட்டிக்கொண்டது.

மார்ச் 4, செவ்வாய்

துணியை மடித்து வைத்துப் போனேன். போதவில்லை. லோயர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர், வயதான சீனர். திடீரென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே ஆறும் ஒரு தொங்கான் படகும் தவிர ஒன்றுமில்லை. அவருடைய மரியாதைதான் என்னைக் கொன்றது.

மாலையில் ஒரு யோசனை. செமாபோக் சித்தியின் பையன் பிறந்து கொஞ்ச நாளில் போனபோது, பெண்கள் அவள் மாரில் மல்லிகையை வைத்துத் துணியால் கட்டினார்கள். நான் அப்போது சின்னப் பெண், கதவிடுக்கில் நின்று பார்த்தேன். பால் நின்றுவிட்டது.

அது இரவும் பகலும் கட்டியதால். காலையில் மட்டும் வைத்தால் காலையில் மட்டும்தானே நிற்கும்? அரைநாள் வேலைக்கு அரைநாள் பூ. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 5, புதன்

மக்சிக் வீட்டு வாசலில் மல்லிகைச் செடி இருக்கிறது. சாமிக்காக வளர்ப்பது. கொஞ்சம் கேட்டேன்.

“அம்போய், சந்தெக் லு!” என்றார். ஏயப்பா, அழகிதான் போ என்று கேலி. தானே பறித்துக் கொடுத்தார். தலையில் கொஞ்சம், மீதி ஜாக்கெட்டுக்குள்.

முதலில் ஜில்லென்று இருந்தது. பிறகு ஒன்றுமில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. பத்திரத்தில் ஒரு பிழைகூட இல்லை.

முத்தையா: “என்னம்மா, ஆபீசே மாரியம்மன் கோயில் மாதிரி மணக்குது. சூடம் ஒண்ணுதான் பாக்கி.”

மார்ச் 7, வெள்ளி

மழை. புழுக்கம் குறையவில்லை. நூலகப் புத்தகம் அதே பக்கத்தில் திறந்து கிடக்கிறது. பூ இன்றும்.

மதியம் தேனு இழுத்தாள், விட்டாள், என் முகத்தைப் பார்த்தாள், அழுதாள். பல் வருகிறது என்று நினைக்கிறேன். ஈறு தடித்திருக்கிறது. (உண்மையாகவா? நன்றாகப் பார்க்கவில்லை.) புட்டியில் கொடுத்ததைக் கடகடவென்று குடித்தாள்.

மார்ச் 8, சனி

மதியம் கையை நீட்டினேன். தேனு மக்சிக்கின் இடுப்பிலேயே இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் வரவில்லை. தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

“சுடா கென்யாங்” என்றார் மக்சிக் சமாதானமாக. வயிறு நிறைந்திருக்கிறதாம்.

குளிக்கும்போது கவனித்தேன். மார்பு லேசாக இருந்தது, கல்யாணத்துக்கு முன்பு இருந்த மாதிரி. காலையில்கூட, வலி இல்லையே என்று சந்தோஷப்பட்டேன். இப்போதுதான் உறைத்தது. தண்ணீரை ஊற்றாமல் அப்படியே நின்றேன். அமுக்கிப் பார்த்தேன். இரண்டு துளி.

உடம்புக்கு அரைநாள் என்று ஒன்று கிடையாது. எத்தனையோ படித்தவள், இதைப் படிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

செமாபோக்கிலிருந்து சித்தி வந்தாள். தேனுவுக்குக் கவுன், எனக்குப் பலாப்பழம். பின்கட்டில் கால் கழுவப் போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். துவைகல் மேல் நான் உதறிப் போட்டிருந்த பூ, நசுங்கிப் பழுப்பாகி, ஜாக்கெட்டின் தையல் அச்சோடு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யாருக்குடி இது?”

சொன்னேன். ஆபீஸ், லோயர், ஜன்னல், எல்லாம்.

“உயிரோட இருக்கிற பிள்ளைக்கா கட்டின?”

அதட்டவில்லை. அதட்டியிருக்கலாம். உள்ளே போய்த் தேனுவைத் தூக்கி, அவள் உள்ளங்காலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, யாரையும் பார்க்காமல்: “எனக்கு நிக்க வைக்கணும்னு கட்டினாங்க. நிக்கக் கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டே இருந்தேன்.”

பலாப்பழத்தை இவர்தான் அறுத்தார்.

மார்ச் 10, திங்கள்

தலைவலி என்று ஆபீசுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். நாள் முழுக்கப் படுக்கையில், தேனுவை ஒட்டிவைத்து. இழுக்கிறாள், இல்லை, அழுகிறாள். மறுபடி.

பூண்டு, பாலில் வேகவைத்து. சுறாப்புட்டு. பப்பாளிக்காய்க் கூட்டு. எல்லாவற்றையும் மருந்துபோல விழுங்கினேன்.

இவர் முகச்சவரம் செய்துகொண்டே சொன்னார்: “டின்பால்ல வளராத பிள்ளையா? வேலைய விட்டுடு, இல்ல பால விட்டுடு. ரெண்டுல ஒண்ணு. எதுக்குப் போட்டு அழுற?” கோபமில்லை. கண்ணாடியில் தாடையைச் சாய்த்துப் பார்த்தபடி, ரொம்ப நியாயமாக.

எனக்கு இரண்டும் வேண்டும். எழுதிப் பார்த்தேன். எழுதினால் பேராசையாகத் தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வேலைக்குப் போனேன். பூ இல்லை. துணி மடித்து வைத்திருந்தேன், தேவைப்படவே இல்லை. கீழே தெருவில் குழந்தை அழாதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஐஸ்காரன் மணிதான் கேட்டது. போன வாரம் எதற்கு வெட்கப்பட்டேனோ அதற்கு இன்று ஏங்குகிறேன்.

தேனு புட்டியைத் தானே பிடிக்கப் பார்க்கிறாளாம். மக்சிக்குக்குப் பெருமை. நானும் பெருமைப்படத்தான் வேண்டும்.

மார்ச் 12, புதன்

கைநாட்டு வைக்க ஒரு தோட்டத்துப் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அத்தனை ஆண்கள் நடுவே பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானைக்குள் பிள்ளையைப் போட்டுக்கொண்டாள். யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. முத்தையா அவளுக்குத் தேத்தண்ணீர் வாங்கி வரச் சொன்னார். கைநாட்டு வைக்கும்போதும் குழந்தை விடவில்லை.

சம்பளம் வாங்குகிறவளுக்கு மட்டும் உடம்பு இருக்கக் கூடாதா?

மார்ச் 13, வியாழன்

லோயரிடம் கேட்டுவிட்டேன். காலை நடுவில் கொஞ்ச நேரம் பால் கொடுக்க, பின்னால் பழைய ஃபைல் அறையில். பிள்ளையை மக்சிக் கொண்டுவருவார். அந்த நேரத்தை மதியம் கூட உட்கார்ந்து ஈடுகட்டிவிடுவேன். ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் பாதியில் காணாமல் போய்விட்டன. மீதியை மலாயில் சொன்னேன்.

முத்தையா பதறிவிட்டார். “ஏம்மா, இது என்ன ஆபீஸா, பிரசவ வார்டா?”

லோயர் பேனாவை மூடினார். முடியாது என்றால் வேலையிலிருந்து நின்றுவிடுவாயா என்று கேட்டார். நின்றுவிடுவேன் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்த மேசை, அந்தக் கார்பன் வாசனை, எனக்கென்று இருக்கும் அந்த ஒரு காலை.

பேனாவை மறுபடி திறந்துகொண்டே, “பழைய ஃபைல்கள் நனையக் கூடாது” என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

மக்சிக்கிடம் சொன்னதும் எந்தக் கெபாயா உடுத்துவது என்று கேட்டார்.

மார்ச் 14, வெள்ளி

வெயில், காற்றே இல்லை. ஒரு பெரியவரின் பத்திரம் பாதியில் இருந்தபோது கீழே பெச்சா வந்து நிற்கும் சத்தம். மக்சிக் பச்சைக் கெபாயாவில், குடையோடு, யாரோ பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு வந்தவர்போல மூன்று சக்கர வண்டியிலிருந்து இறங்கினார். தேனு தெருவையே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபைல் அறையில் தூசி. ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன். தேனு என் கழுத்தை முகர்ந்தாள். வாய் வைத்தாள், இழுத்தாள், விட்டாள். என்னைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். மக்சிக் பையிலிருந்த புட்டியில் கை வைத்தார், எடுக்கவில்லை.

மறுபடி வாய் வைத்தாள். இழுத்தாள். இழுத்தாள். பிறகு அவள் தொண்டையில் விழுங்குகிற ஒரு சின்னச் சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

கதவுக்கு வெளியே முத்தையா: “ஏம்மா, அந்தப் பெரியவர் கையெழுத்துப் போடக் காத்துக்கிட்டிருக்காரு. ஆச்சா?”

“டியாம்லா!” சத்தம் போடாதே என்று மக்சிக் கதவைப் பார்த்து அதட்டினார்.

நான் பதில் சொல்லவில்லை. குரல் கொடுத்தால் விட்டுவிடுவாள்.