நாலாவது டயரில் நீ கேட்ட கேள்வி

அண்ணே,

இன்று காலை காரைத் துடைக்கும்போது, முன் டயருக்கு மேலே ஓர் இடத்தில் பெயின்ட் உப்பியிருப்பதைப் பார்த்தேன். பத்து காசு அளவுதான். விரல் பட்டதும் தோல் மாதிரி உரிந்து வந்தது. பிரேக் ஆயில் சொட்டிய இடம். அன்றைக்கு நீ, "ஆயில் பட்டா பெயின்ட்ட தின்னுரும், தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து!" என்று கத்தினாய். நான் வாளியோடு ஓடி வந்து உன் தலையிலும் சேர்த்து ஊற்றினேன். ஒரு சொட்டு மட்டும் நம் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது.

பூச்சோங்கிலிருந்து ஒருவர் இதை விலைக்குப் பார்க்க வருவதாக இருந்தது. அதனால்தான் துடைத்தேன். நீ போன இந்த ஏழு மாதமும் அதன் மேல் மூடிய கன்வாஸை அம்மாவும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஜெஞ்சாரோமில் ஒரு ரம்புத்தான் மரத்தடியில் கிடந்ததை நீ லோரியில் ஏற்றிக்கொண்டு வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. உன்னைவிட இருபது வயது மூத்த கார். பின் சீட்டில் இரண்டு கோழி முட்டை இருந்தது. அம்மா வாசலில் நின்று, "காரு வாங்கப் போனியா, கோழிக்கூடு வாங்கப் போனியா?" என்று கேட்டார். நீ முட்டையை எடுத்து அம்மா கையில் கொடுத்து, "ரெண்டும்தான்மா, ஒரே விலை" என்றாய்.

அது ஓட ஆரம்பித்த முதல் வாரமே மழையில் நம்மைப் பயமுறுத்திவிட்டது. கிள்ளான் சந்திப்பில் நீ பிரேக்கை அமுக்க, கார் நிற்காமல் இடது பக்கம் இழுத்துக்கொண்டே போய், ஒரு வேனை உரசுகிற மாதிரி நின்றது. வேன்காரர் கண்ணாடியை இறக்கி, "பாஸ், காரு ஓட்டுறியா, இல்ல காரு உன்ன ஓட்டுதா?" என்றார். நீ சிரித்தாய். ஆனால் வீடு வரும்வரை மெதுவாகவே ஓட்டினாய். வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினாய். "முன்னாடி ரெண்டு டயருக்கும் டிஸ்க் பிரேக் போடாம நீ இதுல ஏறக் கூடாது" என்றாய்.

உன் அவசரம் எனக்காகத்தான். பிரிக்பீல்ட்ஸில் தையல் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்தேன். ரயிலில் தனியாகப் போகப் பயம். மூன்றாம் படிவ வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது, அதனால்தான் பள்ளியை விட்டேன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா இன்னமும் தலைவலி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். "ரயிலு வேணாம். நான் கொண்டு விடுறேன். நீ பின்னாடி படுத்துக்கிட்டுக்கூட வா, யாரும் பாக்க மாட்டாங்க" என்றாய்.

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் கார்களை அடுக்கி வைத்திருக்கும் காப்பார் ரோடு கடைக்கு நாலு சனிக்கிழமை அலைந்து டிஸ்க்கைத் தேடிப் பிடித்தாய். பழைய ட்ரம்மைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாய். பிரேக் ஆயில் போகிற டியூபெல்லாம் புதிதாகப் போட்டாய். ஆயிலை அமுக்கி அனுப்புகிற மாஸ்டர் பம்ப் மட்டும் பழையது. "இது தாங்குமான்னு தெரியல. பாப்போம்" என்றாய்.

கடைசி வேலை, டியூபுக்குள் இருக்கும் காற்றை வெளியே எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை அமுக்கிப் பிடிக்க வேண்டும். நீ டயர் பக்கம் படுத்துக்கொண்டு, டியூப் முனையில் இருக்கும் திருகாணியைத் திறப்பாய். ஆயிலோடு காற்று வரும், பெடல் தரை வரைக்கும் இறங்கும். நீ ஆணியை மூடி "விடு" என்று சொல்லும்வரை நான் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். "கொசு கடிச்சாலும் எடுக்காத" என்றாய். பின்னால் இரண்டு, முன்னால் இடது பக்கம், மூன்று டயரும் நன்றாகவே முடிந்தன.

நாலாவது டயருக்கு வந்தபோது உன் கூட்டாளிகள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்கள். ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னலா, பிரேக்கு போட வேற ஆளே கிடைக்கலியா? தங்கச்சிதான் டிரைவரா?" என்றார். நீ படுத்துக்கொண்டே, "உன் ஷூவக் கழட்டினா நாத்தத்துல கிள்ளானே காலியாயிரும். அதான் தங்கச்சி" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் கண் என் மேல் இருந்தது. நான் பழைய வீட்டுப் பாவாடையில், முழங்கால் தெரிய, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவாடையை இழுத்து விட்டுக் காலை உள்ளே மடக்கிக்கொண்டேன்.

நீ இன்னும் "விடு" சொல்லியிருக்கவில்லை.

மறுபடி வைத்து அமுக்கினேன். ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். நீ எழுந்து வந்து பெடலை அமுக்கிப் பார்த்தாய். பஞ்சு மாதிரி உள்ளே போனது. என்னிடம் குனிந்து, அவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டாய்: "நடுவுல கால எடுத்தியா பாப்பா?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

நீ இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கொஞ்சம் சந்தேகமாவது பட்டிருக்கலாம். "அப்ப பம்ப்தான். டிஸ்க்குக்கு இது பத்தல" என்று நிமிர்ந்துவிட்டாய். பந்திங்கில் ஒரு பட்டறையில் பெரிய பம்ப் இருக்கிறது என்று கூட்டாளி சொன்னார். வானம் கறுத்திருந்தது. "கடை மூடுறதுக்குள்ள வந்துர்றேன். அந்த ஆயில் டின்ன மூடி வை" என்று சொல்லிவிட்டு உன் மோட்டாரை எடுத்தாய். நான் மூடி வைத்தேன். கேட் வரைக்கும் வந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கூட்டாளிகள் போய்விட்டிருந்தார்கள், நீ மட்டும்தான் இருந்தாய், உன்னிடம் எனக்கு என்ன வெட்கம்?

மழை பெய்த பந்திங் ரோட்டில், ஒரு லோரிக்குப் பின்னால், உன்னால் நிறுத்த முடியவில்லை என்று சொன்னார்கள்.

இந்த ஏழு மாதமும் எல்லாரும் என்னை அணைத்துக்கொண்டு அழுதார்கள். "தங்கச்சிய நெனச்சுதான் கார செஞ்சான், பாவம்" என்றார்கள். அம்மா வருகிறவர்களிடமெல்லாம் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்: "அந்தப் பம்ப் நல்லா இருந்திருந்தா எம்புள்ள போயிருக்க மாட்டான்." காருக்குள் இருக்கும் ஓர் இரும்புத் துண்டை அம்மா சபித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பூச்சோங் அங்கிள் பதினொரு மணிக்கு வந்தார். பழைய கார்களைச் சொந்தமாகவே பிரித்து மாட்டுகிறவராம். நீ செய்த வேலையைத் தடவித் தடவிப் பார்த்தார். "யாரு செஞ்சதுக்கா? கை சுத்தமா இருக்கு" என்றார். சீட்டில் ஏறிப் பெடலை அமுக்கிப் பார்த்தார்.

"பம்ப் ரோசாக், கெட்டுப்போச்சு தம்பி" என்றார் அம்மா. "எம்பையன் சொன்னான்."

"பாப்போம்க்கா. ஏம்மா, நீ வந்து அமுக்குறியா? நான் சொல்ற வரைக்கும் கால எடுக்கக் கூடாது."

நான் ஏறி உட்கார்ந்தேன். உன்னைப் போலவே அவரும் தரையில் படுத்தார், ஆனால் அவர் வேலையைத் தொடங்கியது நீ கடைசியாக இருந்த டயரில். அமுக்கினேன். பெடல் தரைக்கு இறங்கியது. தொடை வலித்தது. கண்ணில் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. அவர் "விடு" என்ற பிறகுதான் காலை எடுத்தேன். நாலைந்து தடவை அப்படிச் செய்தோம். பிறகு அமுக்கியபோது பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்றது. அது நின்றதை என் காலில் உணர்ந்தபோது, இனிமேல் எனக்கு ஒளிய இடமில்லை என்று தெரிந்தது, அண்ணே. அதுவரை, ஒருவேளை பம்ப்தானோ என்று எனக்கே ஒரு மூலையில் ஆசை இருந்தது.

அங்கிள் கையைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக எழுந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "பம்ப் பாகுஸ்லா அக்கா, ஒரு கொறையும் இல்ல. காத்துதான் புகுந்திருக்கு. யாரோ நடுவுல கால எடுத்துட்டாங்க."

அம்மா ஓர் அடி முன்னால் வந்தார்.

"பம்ப் நல்லாத்தான் இருக்கா? அப்ப எம்புள்ள எதுக்குப் பந்திங் போனான்?"

அங்கிள் என்னைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை, உன்னைப் போலவே. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அந்தக் கேள்வி அப்படியே போய்விடும்.

காரிலிருந்து இறங்கினேன். அந்த அங்கிள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் எதிரில் போய் நின்று, "நான்தாம்மா கால எடுத்தேன். அண்ணன் கேட்டப்ப இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றேன்.