பழைய பெட்டியில் நீ நிறுத்திய இடம்

என் ஆசை அண்ணே,

அங்கே உனக்குப் புத்தகம் படித்துக் காட்ட யாராவது கிடைத்தார்களா? கிடைத்திருந்தால் அந்த ஆளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. "கமா விடாம படி" என்று உயிரை வாங்கியிருப்பாய்.

இங்கே சேதி இதுதான். என் கண்ணும் உன் கண் போன வழியிலேயே கிளம்பிவிட்டது. கும்பகோணத்து டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள்ல எழுத்தெல்லாம் மங்கிடும்மா, இப்பவே பழகிக்குங்க" என்றார். பாபநாசம் கடைத்தெருவில் யார் கழுத்தில் புதுச் சங்கிலி என்று எதிர்ச்சாரியிலிருந்தே கண்டுபிடித்த கண் அண்ணே இது!

ஆகவே, புத்தகம் படித்துக் காட்டும் பெட்டி ஒன்று வாங்க வேண்டும். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று என் மகள் பூங்கொடி இரண்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

முதலாவது சோப்பு டப்பா அளவுதான், இடுப்பில் செருகிக்கொள்ளலாம். ஆனால் பொத்தான்கள் கடுகு கடுகாக இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டப் போய் அத்தியாயங்கள் தாண்டிவிட்டன. கதாநாயகியைப் பெண் பார்க்க வந்தார்கள். அடுத்த வரியில் அவள் பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவதில் பெரிய பொத்தான்கள், ஒவ்வொன்றும் ஒரு வடிவம். நிறுத்தினால், அடுத்த முறை விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறது. குரல்தான், நெல் கொள்முதல் நிலையத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரி. சாவையும் சாம்பாரையும் ஒரே தொனியில் படிக்கிறது.

உனக்கு நான் அப்படியா படித்தேன்? சாவே இல்லாமல் அல்லவா படித்தேன்! உனக்கு முதன்முதலில் பெட்டி வந்த வாரம், நான் முன்பே படித்துக் காட்டியிருந்த நாவலை அதில் ஒலிப்பதிவாகக் கேட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாயே.

"ஏ புள்ள, அந்தச் செண்பகம் ஆத்துல விழுந்து செத்துட்டாளாம்! நீ அவளுக்குக் கல்யாணம் பண்ணி ரெட்டைப் புள்ள பெக்க வச்சியே?"

"பாவமா இருந்துச்சுண்ணே."

"அப்ப நம்ம குத்தகை நெலத்து ஆர்டரு? அதுலயும் ரெட்டைப் புள்ளதானா?"

எனக்குச் சுருக்கென்றது. நிலத்தை விட்டு நம்மைக் கிளப்ப மிராசுதார் போட்ட வழக்கு அது. நம்மை வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவை நான் படித்துச் சொன்னதை நம்பித்தான் நாற்று விட்டிருந்தாய். உன் பெட்டிக்கு இங்கிலீஷ் தாள்தான் படிக்க வரும், தமிழ்த் தாள் வராது. நீ சும்மா இருப்பாயா? ரேஷன் கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாய். கிராம அலுவலரிடம் கொடுத்தாய். கடைசியில் டீக்கடையில் மிராசுதாரின் கணக்குப்பிள்ளையையே பிடித்து உரக்கப் படிக்க வைத்தாய். பாவம், அந்த மனுஷன் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். "மூணு பேரும் ஒரே மாதிரிதான் படிக்கிறானுவ. பொழச்சுப் போ" என்றாய்.

பிறகு தஞ்சாவூர் ஆஸ்பத்திரி அறிக்கை வந்தது. இங்கிலீஷ். கட்டிலில் உட்கார்ந்து நீதான் அதை என்னிடம் நீட்டினாய்.

"ஒண்ணுமில்லண்ணே, குடல்ல புண்ணாம். நெறைய மோர் குடிக்கச் சொல்லியிருக்கு."

"மோரு வரைக்கும் எழுதியிருக்கானா? நல்ல டாக்டருதான்." சிரித்தாய். "நல்லா படிச்ச. இந்தப் பெட்டிக்கெல்லாம் இந்த ராகம் வராது."

ஏமாற்றிவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். நீ போன பிறகு அதுவே முள்ளாகிவிட்டது. கடைசி மாதங்கள் என்று தெரிந்திருந்தால் யாரையாவது பார்த்திருப்பாயோ, எதையாவது சொல்லியிருப்பாயோ? அதையெல்லாம் உன்னிடமிருந்து நான் பறித்துக்கொண்டேனோ? வெறும் குடல்புண்காரன் அவ்வளவு அவசரமாகக் குத்தகைப் பதிவில் மகன் பேரைச் சேர்க்க ஏன் அலைகிறான் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. ஊர் வம்பெல்லாம் தெரிந்தவளுக்கு வீட்டு வம்பு தெரியவில்லை.

நேற்று, ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று உன் பழைய பெட்டியையும் எடுத்தேன். செங்கல் கனம். அடியில் இங்கிலீஷ் தாளை வைத்தால் படம் பிடித்துப் படித்துக் காட்டுமே, அதேதான். மின்சாரம் ஏற்றிப் பொத்தானை அமுக்கினேன். விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

அடுத்து எப்போது வர வேண்டும், எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும்... அந்த அறிக்கை அண்ணே. நான் மனப்பாடமாக வைத்திருக்கும் அறிக்கை. கொஞ்சம் பின்னால் ஓட்டினேன். இனி அறுவைச் சிகிச்சையால் பயனில்லை என்ற வரி, அதே கொள்முதல் நிலையக் குரலில். அதைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் நிறுத்தியிருக்கிறாய். நான் வாங்கிய பிறகு அந்தத் தாள் உன் கைக்குத் திரும்பவே இல்லை, அப்படியானால் என்னிடம் நீட்டும் முன்பே கேட்டிருக்கிறாய்.

கண் தெரிந்த காலத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் இங்கிலீஷ் சுற்றறிக்கை படித்துப் பழகிய ஆள் நீ. எல்லாம் தெரிந்துகொண்டு, அதே தாளை எடுத்து என் கையில் ஏன் கொடுத்தாய்? என்னைச் சோதிக்கவா? என் மனசு ஆறட்டும் என்றா? இல்லை, ஒரு தரமாவது அது மோர் என்று கேட்க உனக்கே ஆசையாக இருந்ததா?

நான் இரண்டாவது பெட்டியையே வைத்துக்கொள்கிறேன். செண்பகம் செத்தால் செத்தாள் என்றே சொல்லட்டும். வெள்ளிக்கிழமை என் கண் அறிக்கை வருகிறது. பூங்கொடியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். அவள் படிக்கிறபடி கேட்டுக்கொண்டு, "நல்லா படிச்சம்மா" என்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. உன் பெட்டியை, அந்த வரிக்கு அடுத்த வரியில், நீ நிறுத்திய இடத்திலேயே திரும்ப நிறுத்தி அலமாரியில் வைத்துவிட்டேன். இனி யாரும் தொட மாட்டார்கள்.

செண்பகத்தை உயிரோடு வைத்திருந்த
உன் தங்கச்சி,
சரோஜா