அப்பா கேட்ட வெள்ளம்

ஜூன் 9, 2025, திங்கள்

மழை. களமசேரி பஸ்ஸில் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டு வேர்த்துக்கொண்டு போனோம். முதல் வகுப்புக்குத் தாமதம். நிகழ்தகவு நடத்துகிற டீச்சருக்கு மழை வருமென்று தெரியாதா என்று பின்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. நியாயம்தான்.

மதியம் சென்னையிலிருந்து வெங்கிட்டு கூப்பிட்டான். எம்.எஸ்ஸி.யில் கூடப் படித்தவன், இப்போது பதிப்பகம் நடத்துகிறான். என் கதைகளைப் புத்தகமாகப் போடுகிறானாம்.

"கடைசிக் கதைல அப்பா சாகப்போற நேரத்துல வெள்ளத்தப் பாக்கறாரே, அங்க அப்படியே உக்காந்துட்டேன் மகா. அவர் கண்ணுக்கு மட்டும் தெரியற வெள்ளம். பெரிய படிமம் அது."

நான் எழுதியது இவ்வளவுதான்: 'வெள்ளம்' என்றார் அப்பா. மறுபடியும், 'வெள்ளம், வெள்ளம்.' அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெங்கிட்டுவுக்கு வெள்ளம் என்றால் ஆறு பெருகி ஊருக்குள் வருவது. மட்டாஞ்சேரியில், மலையாளம் கலந்து பேசுகிற எங்கள் வீட்டில், அது குடிக்கிற தண்ணீர். அப்பா தண்ணீர் கேட்டார்.

நான் திருத்தவில்லை. 'ம்' என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஏன் 'ம்' என்றேன்?

வெள்ளம் என்று அப்பா பிதற்றும்போது மகள் முகத்தைத் திருப்பினால் அது துக்கம். தண்ணீர் கேட்கிறவரிடமிருந்து திருப்பினால்—

அவன் வாசித்த கதையில் அக்கா நல்லவள்.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். பழைய வீடுதான். முன்னறையில் இரண்டு கிரைண்டர். தோசை மாவு அரைத்துப் பொட்டலம் போட்டு விற்கிறாள். புத்தகம் வருகிற செய்தியைச் சொன்னேன்.

"அதுல நான் உண்டா?"

"ஒரு கதைல."

"நல்லதா, சீத்தையா?"

"கதை அக்கா. நல்லது கெட்டதுன்னு இல்ல."

"அப்போ சீத்தைதான்" என்றாள். சாயா போட்டுக்கொண்டே, "வாசிச்சுக் கேப்பி. எனக்குத் தமிழ் எழுத்து கூட்டித்தான வாசிக்க அறியும்."

வேறொரு நாள் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன்.

"ஓ. டீச்சர் நாட்டுக்கெல்லாம் வாசிக்கும். வீட்டுக்கு மாத்திரம் நேரம் கிட்டாது."

அவளை அப்பா இங்கேயே மலையாளப் பள்ளியில் போட்டார். என்னைத் திருநெல்வேலிக்கு, அத்தை வீட்டுக்கு அனுப்பினார். ஒரு பிள்ளையாவது தமிழில் படிக்கட்டும் என்று. அதனால் எழுதுகிறவள் நான். ஆஸ்பத்திரியில் அப்பாவுடன் இருந்தவள் அவள்.

ஜூன் 18, புதன்

மாணவர்களுக்கு நான் தினமும் சொல்வதை எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். என்னிடம் உள்ள தகவல் என்ன?

அப்பாவுக்குக் குடல் அடைப்பு. வாய்வழியே ஒன்றும் கொடுக்கக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. நான் ரயிலிலிருந்து இறங்கி நேராக வந்து, பையும் கையுமாக வார்டு வாசலில் நின்றேன். அப்பா வெள்ளம் என்கிறார். ஸ்டூலில் இருந்த அக்கா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். மறுநாள் காலை அப்பா இல்லை.

அந்த ஒரு நிமிஷத்தை வைத்து இத்தனை வருஷம் அவளை அளந்திருக்கிறேன். ஒரே பார்வையாளர், அதுவும் வாசலிலிருந்து. வேறு யாராவது இப்படி ஒரு முடிவை எழுதிக்கொண்டு வந்திருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஆனால் கதை அங்கிருந்துதானே வந்தது? வேறு எங்கே போய் எடுப்பது?

ஜூன் 23, திங்கள்

வெங்கிட்டு அட்டைப்படம் அனுப்பியிருக்கிறான். ஓட்டு வீடு, ஜன்னல் வரை தண்ணீர், ஒரு படகு. தலைப்பு 'வெள்ளம்'. "கேரள வெள்ளம் எல்லார் ஞாபகத்துலயும் இருக்கு. விக்கும், மகா."

எங்கள் வீட்டு ஜன்னல் வரை ஒரு நாளும் தண்ணீர் வந்ததில்லை.

போதும். அக்காவுக்கு வாசித்துக் காட்டாமல் இது அச்சுக்குப் போகாது. அவள் அழுதாலும் சண்டை போட்டாலும் முழுக்க வாசிப்பேன். படகு வேண்டாம்.

ஜூன் 29, ஞாயிறு

வாசித்தேன்.

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை மீறிச் சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. வகுப்பில்கூட நான் அப்படிக் கத்துவதில்லை.

"நான் சேலையா உடுத்திருந்தேன்? நல்ல கதை. நைட்டியும் மேல ஒரு தோர்த்தும்."

"சரி."

"அப்பாக்கு இவ்வளவு மீசை இல்ல."

"சரி அக்கா."

"எல்லாத்துக்கும் செரி செரின்னா பின்னே எதுக்கு எழுதினே?"

அந்த இடம் வந்தது. 'வெள்ளம்' என்று வாசித்தேன். அவள் எழுந்து கிரைண்டரை அணைத்தாள். மிச்சத்தை அந்த அமைதியில் வாசிக்க வேண்டியிருந்தது. நிறுத்தவில்லை.

முடித்ததும் அவள் கையை நைட்டியில் துடைத்தாள். பிறகு:

"முகம் திருப்பினேன். நேருதான். எதுக்குன்னு ஒரு நாள் கேட்டியா நீ?"

கேட்டதில்லை.

"வாசல்ல ஆள் வந்த ஒச்சை கேட்டுது. நர்ஸுன்னு நெனச்சேன். கைல நனைஞ்ச தோர்த்து. அத ஜன்னல் பக்கமா ஒளிச்சேன்."

மதியத்திலிருந்து அந்தத் தோர்த்தின், மெல்லிய துண்டின், நுனியில் தண்ணீர் எடுத்து அப்பா வாயில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள், யாருக்கும் தெரியாமல். அவர் கேட்டது இன்னும் கொஞ்சம்.

"விடிஞ்சா அவரில்ல. நான் குடுத்த வெள்ளந்தான் கொன்னுதோன்னு இன்னைக்கு வர… நீ எழுதினதே இருக்கட்டும் மகா. குடுக்காதவள்னு ஜனம் சொல்லட்டும். குடுத்துக் கொன்னவள்னு சொல்ல வேண்டாம்."

நான் என்ன செஞ்சேன்? மாவுப் பாத்திரத்த எடுத்துக் குடுத்தேன், அவ்வளவுதான். என்ன மனுஷி நான்.

ஜூலை 2, புதன்

அவள் பயம் உண்மையா என்று தெரிய வேண்டும். ஆறுதல் சொல்ல எனக்கு வராது, விசாரிக்க வரும்.

இடப்பள்ளியில் குடல் நோய் பார்க்கிற டாக்டர் ஸுப்ரியாவைப் பார்த்தேன். அப்பாவின் பழைய சிகிச்சைச் சீட்டுகளைக் கொண்டுபோயிருந்தேன். பொறுமையாகப் பார்த்தாள். வாயைத் துணியால் ஈரப்படுத்த நாங்களே சொல்வதுண்டு என்றாள். அந்தக் குடல் அதற்கு முன்பே அழுகத் தொடங்கிவிட்டது, தோர்த்து நுனித் தண்ணீரால் அவர் போகவில்லை என்றாள். உறுதியாகவா என்று கேட்டேன். உறுதியாக என்றாள். மறுபடியும் கேட்டேன். சிரித்துவிட்டு மறுபடியும் சொன்னாள்.

ஜூலை 6, ஞாயிறு

அக்காவிடம் அப்படியே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கையிலிருந்த மாவு காய்கிற வரை உட்கார்ந்திருந்தாள்.

"இத அன்னைக்கே யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்."

"யார்கிட்ட கேக்க? நீ அந்தக் கோடியில நின்னே. கர்மம் முடிஞ்சும் என் முகத்தப் பாக்கல."

உண்மை. பார்க்கவில்லை.

கதையிலிருந்து அந்தப் பகுதியையே எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். மனதார. அவள் யோசிக்கவே இல்லை.

"எடுத்தா அப்பாக்கு யார் வெள்ளம் குடுப்பா? எழுது. துணின்னு எழுதாதே. தோர்த்துன்னு எழுது."

ஜூலை 8, செவ்வாய்

வெங்கிட்டுவிடம் பேசினேன்.

"தண்ணியா? அப்ப என் படிமம்?"

"அவருக்குத் தாகம் எடுத்தது."

"தமிழ் வாசகனுக்குப் புரியாதே மகா. தண்ணீர்னே போட்டுடேன்."

"மாட்டேன். ஒரு வரி சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் தண்ணீருக்கு அதுதான் பெயர்."

"அட்டைக்குப் பணம் குடுத்தாச்சே."

"படகை வேறு யாராவது எழுதுவார்கள்."

கொஞ்சம் முனகினான். ஒத்துக்கொண்டான்.

வாசலில் நிற்கிற தங்கையை அப்படியே விட்டிருக்கிறேன். அவள் பார்க்கிறாள், தப்பாக நினைக்கிறாள். அடுத்த பத்தியில் அக்காவின் கை, தோர்த்து, அப்பாவின் உதடு. தங்கைக்கு அது தெரியாது. வாசிக்கிறவருக்குத் தெரியும்.

நவம்பர் 16, ஞாயிறு

புத்தகம் வந்துவிட்டது. வெறும் நீல அட்டை. முதல் பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். வாசிக்கட்டுமா என்றேன்.

"வேண்டாம். நானே."

விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, உதடசைத்து வாசித்தாள். கடைசிக் கதை மட்டும். மாவு வாங்க வந்தவர்களை இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். 'தோர்த்து நுனியை நனைத்து' என்ற இடத்தில் விரல் நின்றது.

"நனைச்சில்ல. முக்கி. முக்கி எடுத்தாத்தான் வெள்ளம் நிக்கும்."

"அடுத்த பதிப்பு வந்தா மாத்தறேன் அக்கா."

"அது வரும்போ வரட்டும். அந்தப் பேனாவ இங்க தா."

'நனைத்து' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தாள். அதன் மேலே, மலையாள எழுத்தில், சின்னதாக எழுதினாள்: முக்கி. பிறகு விரலை அடுத்த சொல்லுக்கு நகர்த்தினாள்.