மார்க் போடாத கதை

பொன்னு மோளே, பின்னறைச் சுவரில் யாரோ சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். அந்த வாடை அடுக்களை வரைக்கும் வருகிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். சிவப்பு இன்னும் பரவியதுதான் மிச்சம்.

அந்த அறையில் வடக்கேயிருந்து கட்டட வேலைக்கு வந்த புருசனும் பெண்டாட்டியும் வாடகைக்கு இருக்கிறார்கள். முந்தாநாள் நம்ம சபைக்காரர் ஒருவர் நோட்டோடு வந்து, "அம்மாச்சி, பொறத்தால ஆரெல்லாம் உண்டு?" என்று கேட்டார். ஜெபத்துக்குப் பேர் எழுத வீடு வீடாக வருவார்களே, அந்தப் பழக்கத்தில் மடமடவென்று சொல்லிவிட்டேன். பேர், ஊர், அவள் முழுகாமல் இருப்பதுவரை.

"ஜெபத்துக்குத்தானே?"

"ஜெபமா! இவனுவள ஓட்டுகதுக்கு ஆக்கும். ஒமக்கும் சேத்து ஒரு டிக்கெட் எடுக்கட்டா?" என்று சிரித்தார்.

அப்போதுதான் டீச்சராக நீ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டிய நாள் நினைவு வந்தது. ஜெர்மனியில் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற பாடம். திரைக்கு என் வெள்ளைப் பாலராமபுரம் சேலையைக் கரும்பலகைமேல் ஆணியடித்துக் கட்டினாய். சேலை கிழியாமல் பார்க்க வந்து நானும் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். அந்தப் படத்திலும் முதலில் ஒருத்தன் நோட்டோடு வந்து பேர்தான் கேட்டான்.

"செத்தவங்களா ஒங்கள நெனச்சு எழுதாதீங்க, கொன்னவங்களாவும் வேண்டாம். பக்கத்து வீட்டுல இருந்தவங்களா கதை எழுதுங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னாய். நோவு வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் அந்த நோட்டுகளைத்தான் திருத்திக்கொண்டிருந்தாய். ஒருத்தி எழுதியதை எனக்கு வாசித்தாய்: 'அவர்களை லாரியில் ஏற்றினார்கள். நான் சன்னலை அடைத்தேன். அடுப்பில் சோறு கொதித்தது.'

"பாவம், அவ என்ன செய்வா மக்கா?" என்றேன்.

நீ சிவப்புப் பேனாவை மூடினாய். "எல்லாப் பிள்ளேளும் இதத்தான் எழுதியிருக்குவ அம்மா. என்ன மார்க் போடன்னு நாளைக்கு யோசிக்கேன்."

மறுநாள் விடியும்போது நீ இல்லை. மார்க் இல்லாத அந்த நோட்டு இன்னும் உன் பையில் இருக்கிறது. எழுத்துக்கூட்டி எத்தனையோ தடவை வாசித்துவிட்டேன்.

நோட்டோடு வந்தவரும் அவர் ஆட்களும் இன்று சாயங்காலம் வருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பின்னறைப் பெண் இங்கே உள்ளே உன் கட்டிலில் படுத்திருக்கிறாள். புருசனை வரவேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டாள். உள்ளே ஆருமில்லை என்று நான்தான் வாசலில் நின்று சொல்ல வேண்டும். எனக்குப் பொய் வராது, உனக்குத் தெரியும். பேர் சொல்லிக்கொடுத்ததும் இதே வாய்தான்.

சோறு கொதிக்கிறது. சன்னலை இன்னும் அடைக்கவில்லை. மோளே, அந்தக் கதைக்கு நீ என்ன மார்க் போட்டிருப்பாய்?