கத்தி படாத கட்டி

9 ஜனவரி 1978
இன்று ஆய்வுக்கூடத்தில் நாற்பது முத்துச்சிப்பிகளுக்கு ஒட்டு வைத்தோம். ஒன்றிலிருந்து சீவிய தசைத் துணுக்கை இன்னொன்றின் உடம்பைக் கீறி உள்ளே வைத்து, கூடவே ஓட்டில் கடைந்த ஒரு சிறு மணி. துணுக்கு பிழைத்து வளர்ந்து மணியை மூடினால்தான் முத்து.

வீட்டுக்கு வந்தால் அம்மா மார்பில் கட்டி என்கிறாள். "மூணு மாசமா இருக்கு. வலிக்கல, விடு." வலிக்காததுதானே எனக்குப் பயம்!

20 ஜனவரி
மதுரைக்குப் போய்க் கட்டியை வெட்டிச் சோதிக்கச் சொன்னார் டாக்டர். அம்மா தலையாட்டினாள். சாயங்காலம் ஓட்டப்பிடாரத்திலிருந்து தங்கத்தாய் அத்தை வந்து எல்லாவற்றையும் கெடுத்தாள். "கத்தி வச்சா ஒடம்பெல்லாம் பரவிரும், மைனி. எங்க தெருவுலயே பாத்துருக்கேன்."

3 பிப்ரவரி
புற்றாக இருந்தால் அது கத்திக்குக் காத்திருப்பதில்லை என்று விளக்கினேன். ஒரு செல் பக்கத்துச் செல்லை விட்டுப் பிரிகிறது. அடியிலுள்ள மெல்லிய சவ்வைத் துளைத்து நிணநீரிலோ ரத்தத்திலோ இறங்குகிறது. பெரும்பாலானவை வழியிலேயே சாகின்றன. எங்காவது தங்கிப் பிழைக்கிற ஒன்று போதும். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"நீதான சொன்ன, சிப்பியக் கீறித் துணுக்கு வச்சா அங்கன போயி வளருதுன்னு?"

"அது நாங்க வேணும்னே வைக்கது, அம்மா."

"எப்படி வச்சாலும் வளருதுல்லா?"

அத்தைக்குச் சிரிப்பு. "படிச்ச புள்ளைக்குப் பதில் வரல பாரு!"

ஐயோ, நான் ஏன் வேலையைப் பற்றி வீட்டில் வாயைத் திறந்தேன்?

11 பிப்ரவரி
மதுரைக்கு வரச் சொல்லி மறுபடி கேட்டேன். மாட்டாளாம்.

19 மார்ச்
குளித்துவிட்டு வந்த அம்மா என் விரலைப் பிடித்துத் தன் அக்குளில் வைத்தாள். இன்னொரு கட்டி, புளியங்கொட்டை அளவு. கெட்டியாக.

"கத்தி படவேயில்லையே! இப்பவாவது நம்புதியா?" என்று கத்தினேன் — ஜெயித்தவளைப் போல. சே, என்ன பிறவி நான்?

"மதுர பஸ் எத்தன மணிக்கு?" என்றாள்.

6 ஏப்ரல், மதுரை
புற்றுதான். ஆபரேஷனில் அக்குளிலிருந்து எடுத்த பதினொரு நெறிக்கட்டிகளில் மூன்றில் பரவியிருக்கிறது. அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

"ஜனவரியிலயே வந்திருந்தா?"

அந்தச் செல் ஜனவரிக்கு முன்பே கிளம்பியிருக்கலாம். பிப்ரவரியில் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதும் கிளம்பியிருக்கலாம். எந்தப் புத்தகத்தில் பார்ப்பேன்?

"தெரியல, அம்மா."

"ஒனக்கா தெரியல?" கட்டிலில் மெல்லத் திரும்பி எனக்கு முதுகைக் காட்டினாள். "சரி ஏளா, சீப்ப எடு. கை தூக்க வரல. தலயப் பின்னி விடு."