ட்ரை பண்றேன்

சேசு மரி சூசை துணை

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
4.10.2003

அன்பு மகன் ரொனால்டுக்கு அம்மா வியாகுலம்மாள் எழுதுவது. எனக்குச் சுகமில்லை. நீ, மருமகள், பேத்தி அனிஷா சுகமா?

கிறிஸ்மஸுக்கு வர ட்ரை பண்றேன் என்று எழுதியிருக்கிறாய். இது ஒன்பதாவது தடவை. முதல் தடவை 94-ல், உன் தங்கச்சி கல்யாணத்துக்கு. நான் நாலாவதோடு நின்றவள். அதனால் பக்கத்து வீட்டு சனாவுல்லா வாத்தியாரிடம் அர்த்தம் கேட்டேன். தலகாணி கனத்துக்கு ஒரு அகராதியை எடுத்தார்.

"முயற்சி பண்றதும்மா."

"அம்புட்டுத்தானா?"

"ருசி பாக்குறது, கோர்ட்ல விசாரிக்கிறது, ஒருத்தர் பொறுமையைச் சோதிக்கிறது, எல்லாத்துக்கும் இதே வார்த்தைதான். ஆதியில பிரெஞ்சுக்காரன் சலிச்சுப் பிரிச்செடுக்கிறதுக்குச் சொன்னதாம்."

"சலிச்சா மேல தங்குற கப்பி எங்க போகும், வாத்தியாரே?"

அவர் புத்தகத்தை மூடிவிட்டு, "டீ குடிக்கிறீங்களா" என்றார்.

இதில் நீ எதைச் சொல்கிறாய், அப்பு? எனக்கு இதயம் வீங்கியிருக்கிறதாம். பொங்கல் தாண்டட்டும், பார்ப்போம் என்கிறார் டாக்டர். உன் முகத்தை ஒருதரம் பார்க்கணும்.

அம்மா

டொரன்டோ
2.11.2003

அன்புள்ள அம்மா,

ஒரு வார்த்தையை இப்படியா தோண்டுவீங்க? இங்க எல்லாரும் சும்மா சொல்றதுதான். லீவு கேட்டிருக்கேன். மாத்திரையை விட்டுறாதீங்க. ஸ்வெட்டர் ஒன்னு அனுப்பியிருக்கேன். இந்தத் தடவை கட்டாயம் ட்ரை பண்றேன்.

ரொனால்டு

மேட்டுப்பட்டி
28.12.2003

ரொனால்டுக்கு,

கிறிஸ்மஸ் முடிந்தது. உனக்கு எடுத்துவைத்த அதிரசம் காய்ந்துவிட்டது.

கல்லறைத் திருநாளன்று கடிதம் எழுதியிருக்கிறாய். அதில் உன் அப்பா பேரைக் காணோம். மூன்று வருசம் முன்னால் அவர் இறந்தபோதும் போனில் ட்ரை பண்றேன் என்றுதான் சொன்னாய். அதை நம்பி மூன்று நாள் அவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். தெருவில் கார் சத்தம் கேட்டபோதெல்லாம் உன் தங்கச்சி வாசலுக்கு ஓடினாள். மூன்றாம் நாள் பங்குச்சாமியார் என் முகத்தைப் பார்த்தார். எடுங்க என்று நான்தான் சொன்னேன். கடைசியாக உன் அப்பா கையைத் தொட்டேன். அந்தக் குளிர் இன்னும் என் விரலில் இருக்கிறது.

எனக்கு ஐஸ் பெட்டி வேண்டாம். அன்றைக்கே எடுத்துவிடச் சொல்லி உன் மச்சான் ராயப்பராஜிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சாமியாருக்கும் தெரியும்.

ஸ்வெட்டர் வந்தது. கை கொஞ்சம் நீளம். மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இனி நீ ட்ரை பண்ண வேண்டாம், அப்பு.

அம்மா