பெல்ட் நின்ற நாள்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் சுகம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் ஒரு வேடிக்கை. செருப்புக்குப் பசை தடவும்போது தலை சுற்றிவிட்டது. மேகத்தில் மிதப்பதுபோல் சுகமாகத்தான் இருந்தது, பயப்படாதே. கண் விழித்தால் செருப்புகளை நகர்த்தி வரும் பெல்ட்டே நின்றிருக்கிறது!

மேனேஜர், "ஆர்டர் இன்னிக்கே போயாகணும்" என்று கத்தினார். பெல்ட்டை நிறுத்திய சூப்பர்வைசர் அக்கா அசையவில்லை. "ஆளுங்க மூச்சு விட்டாத்தான் சார் செருப்பு வரும்" என்றார். முதலாளி வந்து பசையை முகர்ந்து பார்த்தார். வாங்குபவர்களிடம் தானே இரண்டு நாள் தவணை கேட்டார். இப்போது வாடையில்லாத பசை, சுவரில் பெரிய ஜன்னல். கையில் வெயில் விழுந்தால் நீ பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கிறது.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு, செருப்பு தைக்கத்தான். போன வருஷம் நீ வரைந்து அனுப்பிய தாளின்மேல் தினமும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். இந்நேரம் அவள் கால் அதைத் தாண்டியிருக்கும், இல்லையா?

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன்னவன்